எக்செலில் 01:01.342 ஏன் 01:01.3 ஆகிறது?

கேள்வி, 20 ஆகஸ்ட் 2024

எங்கள் குறுவட்டப் போட்டிக்கு இந்த வருடம் மின்னணு நேரக் கருவி வைத்தார்கள். அவர்கள் கொடுத்த சிஎஸ்வி கோப்பை (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்செலில் திறந்தால் 00:01:01.342 இருக்க வேண்டிய இடத்தில் 01:01.3 இருக்கிறது. அதையே நோட்பேடில் திறந்தால் மூன்று இலக்கமும் ஒழுங்காக இருக்கின்றன. எக்செலுக்கு நொடிக்குக் கீழே ஒரு இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளத் தெரியாது என்கிறார் எங்கள் கணினி ஆசிரியர். உண்மையா?

20 ஆகஸ்ட் 2024, இரவு 9:40

வைத்துக்கொள்ளத் தெரியும். காட்டத்தான் மாட்டேன் என்கிறது.

எக்செலுக்கு நேரம் என்பது ஒரு நாளின் பங்கு. ஒரு நாள் 1 என்றால் ஒரு நொடி 86400இல் ஒரு பங்கு. உங்கள் 61.342 நொடி உள்ளே 0.00070997685 என்று உட்கார்ந்திருக்கிறது. அந்த செல்லை ஜெனரல் ஃபார்மட்டுக்கு மாற்றிப் பாருங்கள், தெரியும். சிஎஸ்வியில் பின்ன நொடி வந்தால் எக்செல் தானாகவே எம்எம்:எஸ்எஸ்.0 என்ற ஃபார்மட்டைப் போட்டுவிடும். கஸ்டமில் போய் அதை எம்எம்:எஸ்எஸ்.000 என்று மாற்றினால் 01:01.342 வந்துவிடும். மூன்று பூஜ்யத்துக்கு மேல் போட்டால் ஏற்காது, ஓட்டப்பந்தயத்துக்கு அது தேவையும் இல்லை.

(ஃபோனில் தட்டுகிறேன், விசைப்பலகை தமிழிலேயே இருக்கிறது. ஃபார்முலா, ஃபார்மட் எல்லாவற்றையும் எக்செலில் நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

20 ஆகஸ்ட் 2024, இரவு 10:15

மேலே எழுதியதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடாதீர்கள். ஒன்றை விட்டுவிட்டேன்.

அந்த செல்லைத் தொட்டு மேலே ஃபார்முலா பாரைப் பார்த்தால் நள்ளிரவு 12:01:01 என்றுதான் இருக்கும். பின்னத்தை அது காட்டாது. அந்த செல்லில் எஃப்2 தட்டி, ஒன்றும் மாற்றாமல் என்டர் அடித்தாலும் பார் காட்டுவதையே புதிதாகத் தட்டியதாக எடுத்துக்கொள்ளும். அப்போது .342 நிஜமாகவே போய்விடும். சும்மா எட்டிப் பார்க்கப் போய் எத்தனை பேர் இப்படித் தொலைத்திருப்பார்களோ.

21 ஆகஸ்ட் 2024

இன்னும் மோசமானது: கண்ட்ரோல் எஸ்.

சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் உள்ளே இருக்கும் எண்ணை எழுதாது, திரையில் தெரிவதை எழுதும். 01:01.3 தெரிந்தால் கோப்பிலும் 01:01.3தான். இந்த முறை நோட்பேடும் காப்பாற்றாது. தேதியும் சேர்ந்து வரும் கோப்பு என்றால் சேதம் பெரிது. 2024-08-20 10:15:23.456 என்பது திரையில் 15:23.5 ஆகத் தெரியும், சேமித்தால் தேதி, மணி இரண்டும் அம்போ.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. எனக்கு வேலை கணக்குப் பார்ப்பது. மச்சான் உடற்கல்வி ஆசிரியர் என்பதால் போட்டி நாட்களில் முடிவு மேசையில் உட்காரவைத்துவிடுவார். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு போட்டி. நேரக் கருவிக்காரர் பென் டிரைவில் கோப்பைக் கொடுத்தார். திறந்தேன், பெயரெல்லாம் சரியா என்று பார்த்தேன், ஒரு பையனின் இனிஷியல் தப்பாக இருந்ததைத் திருத்தினேன், சேமித்தேன், மெயில் அனுப்பினேன். மறுநாள் காலை மச்சான் கூப்பிட்டார். "மாப்ளே, 100 மீட்டர்ல மூணு பேருக்கும் 12.3 போட்டிருக்கே, மூணு பேரையும் கயிறு கட்டியா ஓடவிட்டாங்க?" கருவிக்காரரோ அதற்குள் அடுத்த ஊருக்குப் போய் லேப்டாப்பைக் காலி செய்துவிட்டார். ஃபோட்டோ ஃபினிஷ் படத்தின் அச்சு ஒன்று கையில் இருந்ததால் தப்பித்தோம். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

இனிஷியல் இப்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

22 ஆகஸ்ட் 2024

ஒரு இலக்கம் குறைந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு.

1984 லாஸ் ஏஞ்சலீஸ், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். ருமேனியாவின் கோஜோகாரு 55.41, வெண்கலம். பி.டி. உஷா 55.42, நாலாவது. எம்எம்:எஸ்எஸ்.0 ஃபார்மட்டில் இருவருக்கும் 00:55.4. எக்செலைக் கேட்டிருந்தால் உஷாவுக்கு அன்றைக்கே பதக்கம் கொடுத்திருக்கும்!

இந்த மாதம் பாரிஸில் நடந்த ஆண்கள் 100 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789, கெர்லி 9.81, சிம்பினே 9.82. ஒரு இலக்கத்தில் நாலு பேருமே 9.8.

22 ஆகஸ்ட் 2024, இரவு

பாரிஸ் எண்களை எழுதிய பிறகு ஒன்று உறுத்தியது. லைல்ஸுக்கும் தாம்சனுக்கும் முடிவுப் பலகையில் 9.79 என்றுதான் வந்தது. ஆனால் 9.784ஐ எக்செலில் இரண்டு இலக்க ஃபார்மட்டில் போட்டால் 9.78 என்று காட்டும்.

எக்செலின் பிழை இல்லை. தடகள விதி வேறு. 10,000 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் ஆயிரத்தில் படித்த நேரத்தை நூறில் ஒன்றாக்கும்போது எப்போதும் மேலேதான் ஏற்ற வேண்டும். 9.781 ஆனாலும் 9.79. சரியாக 9.780 என்றால் மட்டும் 9.78. கை ஸ்டாப்வாட்சுக்கும் இதே முறை, ஆனால் பத்தில் ஒன்றுக்கு ஏற்ற வேண்டும்: 12.41 காட்டினால் 12.5.

ஆக, ஃபார்மட்டை மாற்றி இரண்டு இலக்கமாகக் காட்டுவது பாதி வரிசையில் ஒரு நூறிலொன்றை இனாமாகக் கொடுத்துவிடும். =ரவுண்ட்அப்(ஏ2*86400,2) போடுங்கள்.

23 ஆகஸ்ட் 2024

நேற்று கொடுத்த ஃபார்முலாவை யாரும் போட்டுவிடவில்லையே?

86400ஆல் வகுத்து வைத்ததைத் திரும்ப 86400ஆல் பெருக்கினால் 61.34 அப்படியே திரும்பி வரும் என்று உறுதி இல்லை. கணினி இரண்டின் அடுக்கில் எண்ணுகிறது, வால் பக்கத்தில் 61.340000000000003 மாதிரி ஒரு தூசி ஒட்டிக்கொள்ளக்கூடும். ரவுண்ட் என்றால் தூசியைத் தட்டிவிடும். ரவுண்ட்அப்புக்குத் தூசியும் ஒரு காரணம்தான், 61.35 ஆக்கிவிட வாய்ப்புண்டு. முதலில் ஆயிரத்துக்கு ரவுண்ட், பிறகு நூறுக்கு ரவுண்ட்அப்: =ரவுண்ட்அப்(ரவுண்ட்(ஏ2*86400,3),2).

25 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்டவர் இன்னொரு கோப்பு அனுப்பியிருக்கிறார், 400 மீட்டர் மாணவியர். பார்த்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் இதே கூத்து என் மேசையிலும் நடந்திருக்கிறது.

இது கருவியிலிருந்து வந்ததல்ல, கையால் தட்டியது. ஒரு நிமிடத்துக்குள் வந்தவர்களுக்கு 58.21, 59.70 என்றும், அதைத் தாண்டியவர்களுக்கு 1:01.34, 1:03.90 என்றும் தட்டியிருக்கிறார்கள். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி. எக்செலுக்கு 58.21 வெறும் எண். அதை நேரமாகப் பார்த்தால் 58 நாளும் சொச்சமும். 1:01.34 நேரம், அதாவது 0.0007. சிறியதிலிருந்து பெரியதாக சார்ட் செய்தால் நிமிடத்தைத் தாண்டியவர்கள் எல்லாரும் முன்னால், 58.21இல் வந்த பிள்ளை பின்னால்.

இதன் பிறகு யாரோ அழகாக இருக்கட்டும் என்று வரிசை முழுவதற்கும் எம்எம்:எஸ்எஸ்.00 போட்டிருக்கிறார்கள். 58 முழு நாட்கள் மறைந்து, மிச்சம் 0.21 நாள், அதாவது 5 மணி 2 நிமிடம் 24 நொடி. அதில் மணியும் மறைந்து, திரையில் 02:24.00. முதலாவதாக வந்த பெண்ணுக்கு இரண்டு நிமிடம் இருபத்துநாலு நொடி! 59.70க்கு 48:00.00. அந்த 48 நிமிடத்தைப் பார்த்தாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

800 மீட்டரில் இன்னொரு பொறி. 2:03.4 என்று தட்டினால் புள்ளியைப் பார்த்து நிமிடம், நொடி என்று சரியாக எடுத்துக்கொள்ளும். ஓட்டம் சரியாக 2:03.0 என்று முடிந்து, சோம்பேறித்தனமாக 2:03 என்று தட்டினால் அது 2 மணி 3 நிமிடம். ஸ்டாப்வாட்சில் தெரிகிறபடி 1:01:34 என்று கோலனாகவே தட்டுபவர்களும் உண்டு. அது 1 மணி 1 நிமிடம் 34 நொடி.

25 ஆகஸ்ட் 2024, பிற்பகல்

ஒரு குறுக்குவழி. நேர வரிசையை முதலில் டெக்ஸ்ட் ஃபார்மட்டில் வைத்துவிட்டு அப்புறம் தட்டுங்கள். பக்கத்து வரிசையில் =("0:"&பி2)*86400. முன்னால் ஒரு பூஜ்யமும் கோலனும் ஒட்டினால் 58.21 என்பது 0:58.21 ஆகும், 2:03 என்பது 0:2:03 ஆகும். எல்லாம் நொடிக் கணக்கில் வெறும் எண்ணாக வந்துவிடும்.

26 ஆகஸ்ட் 2024

அதுவும் ஓட்டை. நானே கண்டுபிடித்தேன், அதனால் கொஞ்சம் கௌரவமாகச் சொல்கிறேன்.

புள்ளி இல்லாமல் 58 என்று ஒருவர் தட்டியிருந்தால் 0:58 ஆகும். எக்செலுக்கு அது 58 நிமிடம். 400 மீட்டருக்கு 58 நிமிடம் என்றால் எங்கள் ஊர்த் தேரே போட்டிக்கு வரலாம்.

கோலன் இருந்தால் மட்டும் "0:" ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பி2*1 போதும். இஃப், ஃபைண்ட் வைத்துச் செய்யலாம். கருவி தரும் 00:01:01.342க்கு இந்த ஒட்டுவேலை கூடாது. அதில் ஏற்கெனவே மூன்று பகுதி இருக்கிறது, நாலாவது சேர்ந்தால் பிழை காட்டும். அதை நேராக 86400ஆல் பெருக்கினாலே போதும்.

இன்னொன்று: புள்ளிக்குப் பதில் கமா போட்டு 00:01:01,342 என்று வரும் கோப்புகள் உண்டு. சப்டைட்டில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், எஸ்ஆர்டி கோப்பில் அப்படித்தான் இருக்கும். நம் ஊர் கணினி அமைப்பில் எக்செல் அதை நேரமாக எடுத்துக்கொள்ளாது, டெக்ஸ்டாக விட்டுவிடும். ஒரு வகையில் நல்லதே. தொடாத பொருள் கெடுவதில்லை.

1 செப்டம்பர் 2024

ஒருவர் தனியே கேட்டிருக்கிறார்: "எக்செலுக்கு 15 இலக்கம்தான் என்கிறார்களே, தேதியும் சேர்ந்தால் மில்லிசெகண்டுக்கு இடம் இருக்குமா?"

இருக்கும். 20 ஆகஸ்ட் 2024 என்பது எக்செலுக்கு 45524. இந்த அளவு எண்ணில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 2இன் அடுக்கு கழித்தல் 37 நாள், ஏறக்குறைய 0.63 மைக்ரோசெகண்ட். மில்லிசெகண்டுக்குத் தாராளம். மைக்ரோசெகண்டில் பதியும் பரிசோதனைக்கூடக் கோப்புகளுக்குத்தான் போதாது, அவர்கள் தேதியைத் தனி வரிசையாகவும் நொடியை வெறும் எண்ணாகவும் பிரித்துவிடுவது நல்லது. தேதி இல்லாத வெறும் 61.342 நொடியில் இந்தக் கவலையே இல்லை.

ஆனால் முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால், இரண்டிலும் தேதி இருந்தால், ஏழாவது இலக்கத்தில் தூசி வரும். அதை வைத்து இருவரும் ஒரே நேரமா என்று சமக்குறி போட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லும். கேட்பதற்கு முன்னால் ரவுண்ட்.

மேக்ரோ எழுதுபவர்களுக்கு ஒரு வரி: செல்லைப் படிக்கும்போது வேல்யூ வேண்டாம், வேல்யூ2. முன்னது தேதி வகையாக மாற்றித் தரும், பின்னது எண்ணை உள்ளபடி தரும்.

3 செப்டம்பர் 2024

நுணுக்கம் நுணுக்கம் என்று பேசிக்கொண்டே போகிறோம், எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது.

1972 மியூனிக் ஒலிம்பிக், ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லி நீச்சல். ஸ்வீடனின் லார்சன் 4:31.981, அமெரிக்காவின் மெக்கீ 4:31.983. ஆயிரத்தில் இரண்டு நொடியில் தங்கம் கைமாறியது. அந்த வேகத்தில் அது மூன்று மில்லிமீட்டர் தூரம்கூட இல்லை. நீச்சல் குளத்தின் சுவரில் ஒரு லேனுக்கும் அடுத்த லேனுக்கும் ஓடு பதித்ததிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கும்! அப்புறம் நீச்சலில் நூறில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். 1984இல் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இருவருக்கும் 55.92, இருவருக்கும் தங்கம்.

நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடே மூன்று விரல்கடை அகலம், ஒரு பக்கம் ஆடு மிதித்திருக்கும். அங்கே ஸ்டாப்வாட்ச் காட்டும் இரண்டாவது இலக்கத்துக்காகச் சண்டை போடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அதே மைதானத்தில் ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா வைத்தால் கதை வேறு. எங்கிருந்து வந்த இலக்கம் என்று ஒரு வரிசை சேர்த்துக்கொள்ளுங்கள், "கை" அல்லது "கருவி". ஒருமுறை ஹீட்ஸ் (தகுதிச் சுற்று) முழுக்கக் கை நேரம், ஃபைனல் மட்டும் கருவி. ஹீட்ஸில் 12.2 ஓடிய பையன் ஃபைனலில் 12.35. "சோறு தின்னுட்டு ஓடினியா?" என்று அவனைத் திட்டினார்கள். 100 மீட்டரில் கை நேரத்தோடு 0.24 சேர்த்து ஒப்பிடுவது வழக்கம், அந்தக் கணக்கில் ஹீட்ஸ் ஓட்டம் 12.44. பாவம், அவன் வேகமாகத்தான் ஓடியிருக்கிறான்.

8 செப்டம்பர் 2024

இரண்டு வாரம் ஃபார்மட், ரவுண்ட், ரவுண்ட்அப் என்று சுற்றிவிட்டு இப்போது சொல்கிறேன்: எக்செலின் நேரம் என்ற வகையே ஓட்டப்பந்தயத்துக்கு வேண்டாம். அது கடிகார நேரத்துக்குச் செய்தது. நமக்கு வேண்டியது எவ்வளவு பிடித்தது என்ற எண்ணிக்கை. ஆயிரத்தில் ஒன்றை அலகாக வைத்து முழு எண்ணாக எண்ணிவிடுங்கள். 1:01.342 என்பது 61342. சார்ட் செய்தால் சரியாக வரும், சமமா என்று கேட்டால் சரியாகச் சொல்லும், சிஎஸ்வியில் சேமித்தாலும் 61342தான். விதிப்படி நூறுக்கு ஏற்ற =ரவுண்ட்அப்(61342/10,0), விடை 6135, அதாவது 1:01.35. தூசிக்குப் பயந்து 23ஆம் தேதி நான் எழுதிய இரட்டை ஃபார்முலா தேவையில்லை. 61340ஐப் பத்தால் வகுத்தால் 6134, மிச்சம் ஒன்றும் இல்லை.

அச்சடிக்கும் ஷீட்டில் மட்டும் நேரமாகக் காட்டிக்கொள்ளலாம்.

கோப்பை உள்ளே கொண்டுவரும் விதமும் மாற வேண்டும். இரட்டைக் கிளிக் கூடாது. காலி ஷீட்டைத் திறந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக இறக்குங்கள். டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா அழுத்தினால் வலப்பக்கம் சேஞ்ச்ட் டைப் என்று ஒரு படி தானாகச் சேர்ந்திருக்கும். அதை நீக்கிவிட்டு நேர வரிசையை டெக்ஸ்டாக வையுங்கள். பழைய எக்செல் என்றால் கோப்பின் பெயரில் சிஎஸ்வியை டிஎக்ஸ்டி ஆக்கித் திறந்தால் விசார்ட் வரும், மூன்றாவது பக்கத்தில் டெக்ஸ்ட் என்று தேர்ந்தெடுக்கலாம். லிப்ரே ஆபீஸ் எப்போது சிஎஸ்வியைத் திறந்தாலும் கேட்டுவிட்டுத்தான் திறக்கும், அந்த மரியாதை அதற்கு உண்டு.

மைக்ரோசாஃப்ட் 2023இல் தானியங்கி மாற்றங்களை நிறுத்தச் சில தேர்வுப் பெட்டிகள் கொடுத்தது. மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால் வந்த புண்ணியம், 2020இல் விஞ்ஞானிகள் பொறுத்தது போதும் என்று மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அந்தப் பெட்டிகளில் முன்னால் இருக்கும் பூஜ்யத்துக்கு ஒன்று, நீண்ட எண்ணுக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று உண்டு. பின்ன நொடிக்கு ஒன்றும் இல்லை. ஓட்டக்காரர்களின் பெயரை மாற்றியும் பயனில்லை.

19 அக்டோபர் 2024

கேள்வி கேட்ட சார் வருவாய் மாவட்டப் போட்டி முடித்துவிட்டு எழுதியிருக்கிறார். முழு எண் முறையில் செய்தாராம். 200 மீட்டரில் இரண்டாம், மூன்றாம் இடத்துக்கு 26418, 26411. இரண்டுமே விதிப்படி 26.42. ஆயிரத்தில் பார்த்து யார் முன்னால் என்று சொல்ல முடிந்தது என்று சந்தோஷப்படுகிறார். ஃபோட்டோ ஃபினிஷிலும் படத்தில் அப்படித்தான் இருந்ததாம்.

19 அக்டோபர் 2024, சற்று நேரம் கழித்து

மேலே எண்களை மாற்றி எழுதிவிட்டேன். இரண்டாம் இடம் 26411, மூன்றாம் இடம் 26418. எக்செலைக் குறை சொல்லிவிட்டு நானே இப்படி.

22 அக்டோபர் 2024

அதே சார், இன்று காலை: அவர் அனுப்பிய கோப்பை அலுவலகத்தில் யாரோ "எண்ணெல்லாம் புரியவில்லை" என்று மறுபடி நிமிடம், நொடியாக மாற்றி, சிஎஸ்வியாகச் சேமித்து, மேலே அனுப்பிவிட்டார்களாம். 200 மீட்டரில் இருவருக்கும் 00:26.4.

மூலக் கோப்பு பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறதாம். இனிமேல் பிடிஎஃப் மட்டும்தான் அனுப்பப் போகிறாராம்.